பழைய கணினிக்குள் இன்னொரு கணினி: எந்த வழியில் போவது?

போன மாதம் அக்கா மகன் போன் செய்தான். ஒரு பள்ளியின் ஸ்டோர் ரூமைக் காலி செய்தபோது எடைக்குப் போகவிருந்த, பிபிசி மைக்ரோ என்ற எண்பதுகளின் கணினி ஒன்றைக் கெஞ்சி வாங்கி வந்திருக்கிறான். "மாமா, ஆன் ஆகுது. ஒரு தாழ்ந்த சத்தம், அப்புறம் ஒரு பீப். பேசிக் வருது. எனக்கு இதுல சிபி/எம் ஓட்டணும். ஆனா இதுக்குள்ள இசட்80 இல்லையாமே, என்ன வாங்கிப் போடறது?"

நியாயமான கேள்விதான். பிபிசி மைக்ரோவுக்குள் இருப்பது 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 6502 என்ற ப்ராசஸர். சிபி/எம் என்ற பழைய இயங்குதளமோ 8080, இசட்80 வகை ப்ராசஸர்களுக்காக எழுதப்பட்டது. இரண்டும் பேசும் இயந்திர மொழியே வேறு. ஆகவே பையன் கேட்பது, இந்தக் கணினியை வேறொரு கணினியாக நடிக்க வைப்பது எப்படி என்று. அதற்கு இன்று நாலைந்து வழிகள் இருக்கின்றன. ஒன்று இலவசம், ஒன்று மலிவு, ஒன்று கிடைப்பதே அரிது.

நான் பதிலுக்கு ஒன்றைத்தான் கேட்டேன்: "உனக்கு வேண்டியது சிபி/எம்மா, இந்தப் பெட்டியா?" கொஞ்சம் யோசித்துவிட்டு "ரெண்டும்தான்" என்றான். அப்படிச் சொல்கிறவர்களுக்குத்தான் கூடுதல் ஹார்டுவேர் என்பதே அர்த்தப்படும். "சிபி/எம் மட்டும் போதும்" என்பவர் அடுத்த பகுதியைப் படித்துவிட்டு எழுந்து போய்விடலாம்.

செலவில்லாத வழி

லேப்டாப்பில் பீப்எம் அல்லது பி-எம் என்ற எமுலேட்டரை, அதாவது இன்னொரு கணினியாக நடிக்கும் நிரலை, இறக்கினால் பத்து நிமிடத்தில் பிபிசி மைக்ரோ திரையில் வந்துவிடும். பீப்எம்மில், பிபிசி மைக்ரோவைச் செய்த அக்கார்ன் நிறுவனத்தின் இசட்80 இணைப்புப் பெட்டியையும் மெனுவிலேயே தேர்ந்தெடுக்கலாம். பிபிசியே வேண்டாம், வெறும் சிபி/எம் போதும் என்றால் ரன்சிபிஎம் என்ற சின்ன நிரல் இருக்கிறது. கணினியில் சாதாரண ஃபோல்டராக இருப்பதையே அது ஏ டிரைவ், பி டிரைவ் என்று காட்டும். ஃப்ளாப்பியின் நகலான இமேஜ் கோப்புகளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. உரிமைச் சிக்கலும் இல்லை. சிபி/எம்மின் உரிமையை வைத்திருந்தவர்கள் அதை எவரும் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்று 2022இல் தெளிவாகவே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

வேகமும் குறை சொல்லும்படி இல்லை. இன்றைய எந்த லேப்டாப்பும் இசட்80ஐ அசலைவிடப் பல நூறு மடங்கு வேகத்தில் ஓட்டும். வேகத்தைக் குறைக்கத்தான் பாடுபட வேண்டும்.

பிறகு என்ன குறை? விளையாட்டுகளில் தெரியும். விசையை அழுத்துவதற்கும் திரையில் அசைவதற்கும் நடுவே யுஎஸ்பி கீபோர்டு, இயங்குதளம், கிராபிக்ஸ் டிரைவர், எல்சிடி திரை என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் தாமதத்தைச் சேர்க்கும். 50 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேம் 20 மில்லிசெகண்டு. இரண்டு மூன்று ஃப்ரேம் தள்ளிப்போனால் குதிக்க வேண்டிய இடத்தில் விழுந்துவிடுவோம். ஆனால் வேர்ட்ஸ்டார் என்ற பழைய எழுத்து மென்பொருளில் கடிதம் அடிப்பவருக்கு இதனால் ஒன்றும் குடிமுழுகாது. சிபி/எம்மைப் பொறுத்தவரை சாஃப்ட்வேர் எமுலேட்டர் முழுமையான தீர்வு. அந்தப் பழைய கீபோர்டும் பச்சைத் திரையும் மட்டும் அதில் வராது.

முன்பு ஏன் கார்டு வாங்கினார்கள்?

இதைத் தெரிந்துகொண்டால் இன்று எதற்காக வாங்குகிறோம் என்பது தெளிவாகும். அதனால் சற்றுச் சுற்றிப் போகிறேன்.

1980இல் மைக்ரோசாஃப்ட் முதன்முதலாக ஒரு ஹார்டுவேரை விற்றது. பெயர் இசட்80 சாஃப்ட்கார்டு, விலை 349 டாலர். ஆப்பிள் டூ கணினியின் ஸ்லாட்டில் செருகினால் அது சிபி/எம் கணினியாகிவிடும். அந்த ஆண்டு மைக்ரோசாஃப்டுக்கு அதிக வருமானம் தந்த பொருளே அந்தக் கார்டுதான். யோசனை மைக்ரோசாஃப்டைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பால் ஆலனுடையது. மைக்ரோசாஃப்டின் ஃபோர்ட்ரான், கோபோல் போன்ற நிரல்மொழி மென்பொருள்களெல்லாம் 8080, இசட்80க்காக எழுதப்பட்டிருந்தன. ஆப்பிளின் 6502க்காக எல்லாவற்றையும் மறுபடி எழுதுவது பெரிய வேலை. மென்பொருளை மாற்றுவதற்குப் பதிலாக வாடிக்கையாளரின் கணினியையே மாற்றிவிடலாமே என்று நினைத்தார். முன்மாதிரியைச் செய்தவர் டிம் பேட்டர்சன். அதே பேட்டர்சன் அதே ஆண்டு 8086க்காக எழுதிய சிறிய இயங்குதளம்தான் பிறகு எம்எஸ்-டாஸ் ஆனது. ஒரே மனிதர் ஒரு கையால் சிபி/எம்முக்குக் கார்டு செய்தார், மறு கையால் அதன் முடிவுக்கு வித்திட்டார்.

அந்தக் கார்டு வேலை செய்த விதம் எனக்கு இன்றும் வியப்பு. 6502க்கு மெமரியின் முதல் 512 பைட்டுகள் உயிர்நிலை. முதல் பாதி அதன் ஜீரோ பேஜ், அடிக்கடி எடுக்கும் மதிப்புகளுக்கான இடம்; மறு பாதி ஸ்டேக், திரும்பி வர வேண்டிய இடங்களைக் குறித்துவைப்பது. சிபி/எம்முக்கும் அதே முதல் 256 பைட்டுகள்தான் வேண்டும், நிரல்களெல்லாம் அதற்கு அடுத்த பைட்டிலிருந்து தொடங்க வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கும் அதே வாசல் அறைதான் வேண்டும் என்றால் எப்படி? கார்டு முகவரிகளையே நகர்த்தியது. இசட்80 "பூஜ்ஜியம்" என்று கேட்டால் ஆப்பிளின் மெமரியில் 4,096ஆவது இடத்தைக் கொடுக்கும். ஆப்பிளின் நிஜமான முதல் 4 கேபி, இசட்80இன் பார்வையில் கடைக்கோடிக்குப் போய்விடும். இசட்80 ஓடும்போது 6502 நிறுத்திவைக்கப்படும். ஆனால் அதை முழுதாக நிறுத்தினால் உள்ளே இருக்கும் மதிப்புகளை மறந்துவிடும், ஆகவே அவ்வப்போது லேசாகத் தட்டி எழுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். டிஸ்க் படிக்கும் நேரத்தில் மட்டும் 6502 முழுதாக எழுந்து வேலை செய்யும். ஆப்பிளின் டிஸ்க் கன்ட்ரோலர் 6502இன் துல்லியமான நேரக்கணக்கை நம்பியே கட்டப்பட்டது, அதில் இசட்80ஆல் கை வைக்க முடியாது.

வாங்கியவர்களுக்கு 349 டாலர் வெறும் தொடக்கம்தான். ஆப்பிள் டூ பிளஸின் திரையில் ஒரு வரிக்கு 40 எழுத்து, அதுவும் பெரிய எழுத்து மட்டும். வேர்ட்ஸ்டாரைச் சரியாகப் பயன்படுத்த 80 எழுத்துக் கார்டு தனியாக வாங்க வேண்டும். கூடுதல் மெமரிக்கு இன்னொரு கார்டு. எல்லாம் செய்த பிறகும், பக்கத்து மேசையில் இருக்கும் வேறொரு சிபி/எம் கணினியின் ஃப்ளாப்பியைப் படிக்க முடியாது. ஆப்பிள் டிஸ்கில் எழுதும் முறையே தனி. இசட்80 வந்துவிட்டது, ஆனால் கையும் காலும் இன்னமும் ஆப்பிளுடையவை.

அப்படியும் ஏன் விற்றது? அன்று கணினி விலை அதிகம், கார்டு மலிவு. 16 கேபி மெமரியோடு ஆப்பிள் டூ பிளஸ் 1979இல் வந்தபோது 1,195 டாலர். இரண்டாவது கணினி வாங்குவதைவிடக் கார்டு எவ்வளவோ லாபம். இன்று கணக்கு தலைகீழாகிவிட்டது. இசட்80 கணினியை உங்கள் போனே நடித்துக் காட்டும். இன்று கார்டு வாங்குபவர் இரண்டாவது கணினிக்காகக் காசு கொடுப்பதில்லை, கையிலிருக்கும் முதல் கணினியைப் பயன்பாட்டில் வைத்திருப்பதற்காகக் கொடுக்கிறார். முதல் கணினியே இல்லாதவர் கார்டு தேடுவது, மாடு இல்லாமல் மூக்கணாங்கயிறு வாங்குகிற கதை.

டியூப் என்ற கதவு

எங்கள் வீட்டுப் பையனுக்கு அதிர்ஷ்டம். அவன் எடுத்து வந்தது ஆப்பிள் டூ அல்ல, பிபிசி மைக்ரோ. இன்னொரு ப்ராசஸரை ஏற்றுக்கொள்ளவென்றே ஒரு கதவோடு வடிவமைக்கப்பட்ட வீட்டுக் கணினி அது.

கேம்பிரிட்ஜில் இருந்த அக்கார்ன் நிறுவனம் பிபிசியின் கணினி அறிவுத் திட்டத்துக்காக 1981 டிசம்பரில் வெளியிட்ட இயந்திரம் இது. இந்தியாவில் 1984இல் தொடங்கிய 'கிளாஸ்' என்ற பள்ளிக் கணினித் திட்டத்திலும் இதுதான் வந்தது. பழைய பள்ளிகளின் ஸ்டோர் ரூமில் பழுப்பு நிறப் பெட்டியாக இன்றும் எங்காவது தட்டுப்படுவது அதனால்தான். 240 வோல்ட் ஊரில் செய்தது, நம் ஊர் பழைய டிவிகளைப் போலவே பிஏஎல் என்ற முறையில் படம் காட்டுவது. ஆகவே நம் ஊர் மின்சாரத்திலும் பழைய டிவியிலும் ஓடும்.

பெட்டியைக் குப்புறக் கவிழ்த்தால் கீபோர்டுக்கு அடியில் வரிசையாக ரிப்பன் கேபிள் சாக்கெட்டுகள் தெரியும்: டிஸ்க், பிரிண்டர், யூசர் போர்ட், 1 மெகாஹெர்ட்ஸ் பஸ். கூடவே 40 பின் கொண்ட ஒன்று, மேலே டியூப் என்று பொறித்திருக்கும். சாஃப்ட்கார்டைப் போல மெமரியைப் பங்கு போடும் தகராறே இங்கே கிடையாது. டியூபின் மறுபக்கம் வரும் ப்ராசஸருக்குத் தனி மெமரி. நடுவே ஒரு சிப்பில் நான்கு ஜோடிச் சிறு தபால்பெட்டிகள். இந்தப் பக்கத்து 6502 கீபோர்டு, திரை, டிஸ்க் எல்லாவற்றையும் கவனிக்கும். அந்தப் பக்கத்து ப்ராசஸர் நிரலை மட்டும் ஓட்டும். "இந்த எழுத்தைத் திரையில் போடு" என்று தபால்பெட்டியில் போட்டால் இது எடுத்துப் போடும். அந்தப் பக்கம் என்ன ப்ராசஸர் இருக்கிறது என்பதைப் பற்றி இந்தப் பக்கத்துக்குக் கவலையே இல்லை.

இதனால் கிடைத்த லாபம் பெரிது. பிபிசி மைக்ரோ பி மாடலில் மொத்த மெமரி 32 கேபி. 80 எழுத்து வரும் மோட் 0 திரை மட்டுமே 20 கேபி தின்றுவிடும். டிஸ்க் இணைப்பும் இருந்தால் பேசிக் நிரலுக்கு 6 கேபிகூட மிஞ்சாது. 3 மெகாஹெர்ட்ஸ் 6502 பெட்டியை டியூபில் மாட்டினால் திரை ஒரு பக்கம், நிரல் ஒரு பக்கம் என்று பிரிந்து, 64 கேபி மெமரியோடு மறுபக்கம் விசாலமாகிவிடும். இசட்80 பெட்டி 6 மெகாஹெர்ட்ஸ், 64 கேபி, சிபி/எம் 2.2. உண்மையான இசட்80, உண்மையான சிபி/எம். எமுலேஷன் என்ற சொல்லே அங்கே பொருந்தாது.

இன்னொன்றையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அக்கார்னில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த புது ப்ராசஸரின் முதல் சிப் 1985 ஏப்ரல் 26 அன்று வந்து சேர்ந்தபோது, அதை ஓட்டிப் பார்க்க ஒரு கணினி வேண்டியிருந்தது. டியூபில்தான் மாட்டினார்கள். பிபிசி மைக்ரோவின் துணை ப்ராசஸராகப் பிறந்த அந்தச் சிப்பின் பெயர் ஏஆர்எம். நம் சட்டைப்பையில் இருக்கும் போன்களில் ஓடுவது அதன் வாரிசுகள்தான்.

அசல் பெட்டியா, பை போர்டா?

இப்போது டியூபில் எதை மாட்டுவது என்பதற்கு இரண்டு வழி. ஒன்று, அக்கார்னே விற்ற அந்த இசட்80 பெட்டியைத் தேடிப் பிடிப்பது. இன்னொன்று, பைடியூப்டைரக்ட்: ராஸ்பெரி பை என்ற ஒற்றை போர்டுக் கணினி ஒன்றை டியூப் சாக்கெட்டோடு இணைத்து, அதையே இசட்80 ஆக நடிக்க வைப்பது.

அசல் பெட்டி இந்தியாவில் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். பிரிட்டனில் ஏலத்தில் வரும், கனமான பெட்டி, தனி மின்வழங்கி, கூரியரும் சுங்கமும் சேர்ந்தால் பெட்டியின் விலையைத் தாண்டலாம். வந்து சேர்ந்த பிறகு நாற்பது வயது மின்வழங்கி ஒன்றுக்கு இரண்டாகிவிடும், பழுதுபார்க்கும் வேலையும் இரட்டிப்பு. சேகரிப்பாளராக இருந்தால் வாங்குங்கள், பக்கத்தில் வைத்துப் பார்க்க அழகாக இருக்கும். ஓட்டுவதற்காக என்றால் தேவையில்லை.

பைடியூப்டைரக்டுக்கு ராஸ்பெரி பை ஜீரோவே போதும், 2015இல் 5 டாலருக்கு வந்த அந்தச் சின்ன போர்டு. நடுவே ஒரு மின்னழுத்த மாற்றி போர்டு கட்டாயம். பிபிசி 5 வோல்ட்டில் பேசும், பையின் கால்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. "நாலு கம்பிதானே, நேரடியா சால்டர் பண்ணிடறேன்" என்று பையன் ஆரம்பித்தான். டேய், வேண்டாம் என்றேன். ரெடிமேடாக விற்கிறார்கள். சர்க்யூட் படமும் பொதுவில் இருக்கிறது, சென்னை ரிச்சி தெருவில் அலைந்து உதிரிகளைச் சேர்க்கப் பொறுமை இருந்தால் நாமே கட்டிக்கொள்ளலாம். மின்சாரம் டியூப் கேபிள் வழியாகவே வந்துவிடும், தனி அடாப்டர் வேண்டாம்.

இதை மாட்டி ஆன் செய்தபோது என் கண்ணால் பார்த்தது: வழக்கமாக "பிபிசி கம்ப்யூட்டர் 32கே" என்று வரும் இடத்தில் "அக்கார்ன் டியூப்" என்று தொடங்கும் வேறொரு வரி. கீழே பழக்கமான பேசிக் பிராம்ட். ஒரு சாதாரண எண்ணும் நிரலை ஓட்டினேன், 6502 என்ற பெயரில் பை நடித்துக்கொண்டிருந்தது. இருநூறு மெகாஹெர்ட்ஸுக்கும் மேல் ஓடும் 6502 என்று கணக்குச் சொல்கிறது. நொடிக்கணக்கில் காத்திருந்து பழகிய நிரல், ரிட்டர்ன் விசையிலிருந்து விரலை எடுக்கும் முன்பே முடிந்துவிட்டது. ஒரு எஃப்எக்ஸ் கட்டளையில் எண்ணை மாற்றி, கன்ட்ரோலும் பிரேக்கும் அழுத்தினால் அதே பை இசட்80 ஆகிவிடும். இன்னொரு எண், பழைய ஏஆர்எம். ஒரே போர்டுக்குள் ஒரு டஜன் வேஷம். டியூபிலிருந்து பிறந்த ஏஆர்எம், நாற்பது ஆண்டு கழித்து அதே டியூபுக்குத் திரும்பி வந்து இசட்80 வேஷம் போடுகிறது!

குறையும் இருக்கிறது. முதலில், இது எமுலேஷன்தான், உள்ளே இசட்80 சிப் கிடையாது. சிபி/எம் நிரல் எதற்கும் இந்த வித்தியாசம் தெரியாது, மனசுக்கு உறுத்துகிறவர்களுக்கு உறுத்தும். இரண்டாவது, டியூப் மாட்டியிருந்தால் பல விளையாட்டுகள் ஓடாது. திரை மெமரியில் நேரடியாக எழுதும் நிரல்களுக்கு, அந்த மெமரி இப்போது கதவுக்கு மறுபக்கம் இருப்பது தெரியாது. விளையாடும்போது பவரை அணைத்துவிட்டுக் கேபிளைக் கழற்றுவது எளிது. மூன்றாவதுதான் பலரைக் கவிழ்ப்பது: டிஸ்க். இசட்80 வந்தாலும் சிபி/எம் டிஸ்கிலிருந்துதான் எழும். பி மாடல் எல்லாவற்றிலும் டிஸ்க் இணைப்பு இருக்காது, சிப்புகள் பொருத்தாமல் சாக்கெட் காலியாக விடப்பட்டவை நிறைய. இருந்தாலும் அக்கார்னின் சிபி/எம் டிஸ்குகள் 80 டிராக் (தகவல் எழுதும் வட்டத் தடங்கள்), இரண்டு பக்கமும் எழுதியவை. பள்ளியில் இருந்த 40 டிராக் டிரைவ் படிக்காது. கோடெக் என்று யுஎஸ்பி பென் டிரைவை ஃப்ளாப்பியாகக் காட்டும் ஒரு பெட்டி கிடைக்கிறது, ஃப்ளாஷ்ஃப்ளாப்பி என்ற இலவச ஃபர்ம்வேரை அதில் ஏற்றினால் இந்தத் தலைவலி தீரும். சாஃப்ட்கார்டு வாங்கியவருக்கு 80 எழுத்துக் கார்டு செலவு வைத்தது போல, நம்மாளுக்கு டிஸ்க் செலவு வைக்கும்.

மிஸ்டர்: எல்லாமாகவும் நடிக்கும் பெட்டி

நண்பர்கள் சிலர், "இதெல்லாம் எதுக்கு, மிஸ்டர் வாங்கு" என்பார்கள். எஃப்பிஜிஏ என்ற வகைச் சிப்பில் லாஜிக் கேட்டுகள் என்ற அடிப்படைச் சுற்றுகளை நமக்கு வேண்டியபடி உள்ளேயே கோத்துக்கொள்ளலாம். 6502ஐப் பற்றி வரிவரியாக எழுதிய விவரணையை ஏற்றினால் சிப் 6502 போலவே இணைந்துகொள்ளும். டெராசிக்கின் டிஇ10-நானோ போர்டை வைத்து 2017இல் தொடங்கிய திறந்த மூலத் திட்டம் மிஸ்டர். பிபிசி மைக்ரோ, ஆப்பிள் டூ, அமிகா, அட்டாரி எஸ்டி, 486 பிசி வரை தனித்தனி 'கோர்'களாக ஏற்றலாம். 2024க்குப் பிறகு மலிவான மாற்று போர்டுகளும் வந்து, நுழைவு விலை பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

தாமதம் மிகக் குறைவு, பழைய பிக்சர் டியூப் டிவியிலும் படம் காட்டும். விளையாட்டுக்காகவும் பல கணினிகளைத் தொட்டுப் பார்க்கவும் விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல பெட்டி எனக்குத் தெரியாது. ஆனால் எஃப்பிஜிஏ என்றாலே அசல், எமுலேட்டர் என்றாலே போலி என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது, அதை நான் ஏற்கமாட்டேன். இரண்டையும் எழுதியவர் ஒரு மனிதர்தான். பழைய சிப்பின் ஒரு மூலையை அவர் கவனிக்காமல் விட்டால், எஃப்பிஜிஏவிலும் அதே பிழை அதே வேகத்தில் நடக்கும். பல ஆண்டு தேய்த்து மெருகேற்றிய சாஃப்ட்வேர் எமுலேட்டர், அரைகுறை கோரைவிடத் துல்லியமாக இருக்கும்.

பையனுக்கு மிஸ்டர் பொருந்தாது. அவனுடைய பிபிசி மைக்ரோ அதற்குப் பக்கத்தில் தூசி படிந்து உட்கார்ந்திருக்கும்.

மற்ற வீடுகளில் நடந்தது

இதே வித்தையைப் பலரும் செய்தார்கள், சில வரிகளில் சொல்லிவிடுகிறேன். அமிகாவில் பிசி ஓட்ட 1986இல் சைட்கார் என்று பக்கவாட்டில் ஒட்டும் பெட்டி வந்தது, உள்ளே 4.77 மெகாஹெர்ட்ஸ் 8088 ப்ராசஸர். ஆப்பிளின் மேகின்டாஷ் (சுருக்கமாக மேக்) எல்சி கணினிக்கு 1991இல் ஆப்பிளே ஆப்பிள் டூஇ கார்டு விற்றது, பழைய பாட மென்பொருளைக் குவித்து வைத்திருந்த பள்ளிகளை மேக்குக்கு இழுக்க. 1994இல் 486 சிப்போடு டாஸ் கார்டு பொருத்திய மேக் குவாட்ரா 610. இரண்டு விசையை அழுத்தினால் மேக் திரை மறைந்து டாஸ் வரும். மூன்றே ஆண்டில் வர்ச்சுவல் பிசி என்ற மென்பொருள் வந்து, கார்டு இல்லாமலேயே மேக்கில் விண்டோஸை ஓட்டியது.

இந்தக் கார்டுகளை இன்று பழைய சந்தையில் வாங்கலாமா? ஏற்கெனவே அந்த மேக் உங்களிடம் ஓடும் நிலையில் இருந்தால், ஆப்பிள் டூஇ கார்டு வேடிக்கையான பொருள். ஆனால் அதன் ஸ்டார்ட்அப் மென்பொருளும், ஜாய்ஸ்டிக்குக்கும் டிரைவுக்கும் பிரியும் ஒய் கேபிளும் கூடவே வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள். கேபிள் இல்லாத கார்டுதான் அதிகம் சுற்றுகிறது. டாஸ் கார்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். டாஸுக்கு டாஸ்பாக்ஸ் என்ற எமுலேட்டர் போதும், ஒரு சின்னக் கார்டுக்காக முழு மேக்கைப் பராமரிக்க வேண்டியதில்லை.

அட்டாரி எஸ்டியில் மேக் ஓட்டிய ஸ்பெக்டர் ஜிசிஆர் என்ற கார்ட்ரிட்ஜ் வேறு ரகம். இரண்டு கணினியிலும் 68000 ப்ராசஸர்தான், ஆகவே ப்ராசஸரை நடிக்கவே வேண்டாம். ஆப்பிளின் ரோம் சிப்புகள், அதாவது படிக்க மட்டுமே முடியும் நிரந்தரச் சிப்புகள்தான், அட்டாரியில் இல்லை. பதிப்புரிமைச் சிக்கலால், கார்ட்ரிட்ஜை வாங்குபவரே அவற்றைத் தேடிப் பிடித்துக் கார்ட்ரிட்ஜில் செருக வேண்டும். கடைசியில் அட்டாரி, மேக்கைவிடப் பெரிய திரையில் மேக்கைவிடச் சற்று வேகமாக மேக்காக ஓடியது.

அமிகா 500 வைத்திருப்பவருக்கு இன்று பைஸ்டார்ம். 68000 சிப்பைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிவிட்டு, அங்கே ராஸ்பெரி பை மாட்டும் போர்டைச் செருகுவது. பையில் எமு68 என்ற மென்பொருள் 68000 வகை ப்ராசஸராக நடிக்கும். பிபிசியில் பை பக்கத்து வீட்டுக்காரர், இங்கே வீட்டுத் தலைவரையே வெளியேற்றிவிட்டு உள்ளே உட்காருகிறது. வேகம் அபாரம். ஆனால் 64 கால் சிப்பை நெம்பி எடுக்கக் கை நடுங்குகிறவர்கள் தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்துகொள்வது நல்லது.

பழைய கணினியும் இல்லை, ஆனால் தொட்டுப் பார்க்க ஒரு ஹார்டுவேர் வேண்டும் என்பவருக்கு: ரன்சிபிஎம் இஎஸ்பி32 என்ற சின்ன போர்டிலும் ஓடும், அது சில நூறு ரூபாய்தான். நிஜ இசட்80தான் வேண்டுமென்றால் ஆர்சி2014 என்ற கிட். சைலாக் நிறுவனம் 2024இல் அந்த 40 கால் இசட்80 தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது, ஜூன் 14 வரைதான் கடைசி ஆர்டர் வாங்கினார்கள். சந்தையில் இருப்பு இருக்கிறது, ஆனால் பழையதைச் சுரண்டிப் புதிய பெயர் அச்சிட்ட போலிகளும் இருக்கின்றன.

பையனுக்குச் சொன்னது

முதலில் ஒன்றும் வாங்காதே, பீப்எம்மில் ஒரு வாரம் சிபி/எம்மோடு பழகு என்றேன். அதற்குள் சலித்துவிட்டால் காசு மிச்சம். சலிக்காவிட்டால் பைடியூப்டைரக்டும் கோடெக்கும் வாங்கு. அதற்கும் முன்னால், அந்த மின்வழங்கியைத் திற. அந்தக் காலத்து மெயின்ஸ் வடிகட்டிக் கெப்பாசிட்டர்களின் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறையில் நாளடைவில் மயிரிழை விரிசல் விடும், ஈரம் இறங்கும், ஒரு நாள் ஆன் செய்து பத்து நிமிடத்தில் அறை முழுக்கப் புகை. கணினிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் வீட்டில் அதற்கப்புறம் அதை ஆன் செய்ய விடமாட்டார்கள். இரண்டு கெப்பாசிட்டர், எக்ஸ் வகை என்று கேட்டு வாங்கி மாற்று. பிளக்கைக் கழற்றிவிட்டு, வெகுநேரம் விட்டு, தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்.

கெப்பாசிட்டரை மாற்றினான். ஒரு வாரம் என்று சொன்னதை மூன்று நாளாகச் சுருக்கிக்கொண்டு போர்டுக்கு ஆர்டர் போட்டுவிட்டான். டிஸ்க் சாக்கெட் காலியாக இருந்தது, அதற்கு இன்னொரு ஆர்டர், இன்னொரு பதினைந்து நாள்.

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு போட்டோ வந்தது. கறுப்புத் திரை, இடது ஓரத்தில் ஏ என்ற எழுத்தும் அதை ஒட்டி ஒரு அம்புமுனையும், பக்கத்தில் கர்சர். கூடவே ஒரு மெசேஜ்: "வந்துடுச்சு மாமா. இப்ப என்ன டைப் பண்றது?"

டிஸ்கில் இருப்பதைக் காட்டும் கட்டளையை அனுப்பினேன்: டிஐஆர்.